காத்திருப்பவர்களுக்குப் பாட்டு எடுக்கிறவன்

அடுத்தவர் மனசு லேசாக எந்தப் பாட்டை, எந்த நேரத்தில், எவ்வளவு சத்தத்தில் வைக்கவேண்டும் என்று முடிவு செய்வதற்கும் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நம்பமாட்டீர்கள், அந்த ஆள் நான்தான்.

டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்கேன் சென்டரிலோ பல் டாக்டரிடமோ உட்கார்ந்திருக்கும்போது, எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் சன்னமாக வந்துகொண்டிருக்கும். கேட்கிறோம் என்றே தெரியாமல் நீங்களும் கேட்டிருப்பீர்கள். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் அப்படிக் கேட்டிருந்தால், அந்தப் பாவத்தில் பாதி என்னைச் சேரும். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்தில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஐந்து பேர். வீணைக் கச்சேரி, வெள்ளைக்காரர்களின் பழைய பியானோ, இந்தக் காலத்துப் பிள்ளைகள் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு காதோடு முனகுகிற பாப் என்று எல்லா ஆல்பங்களையும் நான் முழுசாகக் கேட்டு, இது இந்த இடத்துக்கு என்று பிரித்துக் கொடுப்பேன். பிறகு நேரில் போய் ஸ்பீக்கர் எங்கே இருக்கவேண்டும், எவ்வளவு சத்தம் போதும் என்று பார்த்துவிட்டு வருவேன்.

சங்கீதம் தெரிந்ததால் கிடைத்த வேலை இல்லை இது. இருபத்தெட்டு வருஷம் மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில், சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, காருக்குப் போகிற வைப்பர் மோட்டார்களைக் காதால் சோதித்தவன் நான். லேசாகக் கரகர என்றாலும் தூக்கித் தள்ளி வைத்துவிடுவேன். விருப்ப ஓய்வு வாங்கி வெளியே வந்த பிறகு இந்த ஆபீஸில் இன்டர்வியூவுக்குப் போனேன். முதலாளி பிரகாஷ், என்னைவிட இருபது வயது சின்னவர், இரண்டு பாட்டைப் போட்டு எது இதமாக இருக்கிறது என்று கேட்டார். "தலைக்கு மேலே ஃபேன் பேரிங் போயிருக்கு சார், அதை மாத்தினா ரெண்டுமே இதமா இருக்கும்" என்றேன். எடுத்துக்கொண்டுவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கீழே வருகிறதெல்லாம் என் மனைவி மாலதி, மகளின் பிரசவத்துக்காகக் கனடா போன பிறகு நடந்தவை. ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அரை டம்ளர் அரிசி வைத்துச் சமைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இன்னும் கொஞ்சம் சுலபமாகப் புரியும்.

வாய்க்குள் ஒரு தம்புரா

குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டரம்மா. வெளியே கூடத்தில் நாங்கள் கொடுத்த பாட்டு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே, பல்லைக் குடைகிற மெஷின் 'ஙீ' என்று ஆரம்பித்ததும் குழலும் அதுவும் சண்டை போட்டுக்கொண்டன. பாட்டு இல்லாதபோது பேசாமல் படுத்திருந்தவர்கள்கூட, பாட்டு வந்தபிறகு நாற்காலிப் பிடியை நசுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று டாக்டரம்மா வருத்தப்பட்டார்.

ஒரு காலைப்பொழுது முழுக்க அந்த அறை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊரார் வாயைப் பார்க்காமல் மெஷினை மட்டும் கேட்டேன். அதற்கும் ஒரு சுருதி இருந்தது. மேலே எங்கேயோ எட்டாத உயரத்தில் நின்றாலும், அது ஒரே இடத்தில்தான் நின்றது. அந்தச் சுருதியோடு ஒத்துப்போகிற வீணை ஆல்பம் ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தேன். அடுத்த முறை மெஷின் கிளம்பியபோது அது வீணைக்குப் பின்னால் போய் அடங்கிக்கொண்டது. நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர். வேர் சிகிச்சை முடிந்து, மரத்துப்போன வாயைத் துடைத்துக்கொண்டே அவர் டாக்டரிடம் சொன்னார்: "வீணை ரொம்ப நன்னாயிருக்கு டாக்டர். அந்தத் தம்புராவை மட்டும் என் வாயிலேர்ந்து வெளியில எடுத்துட்டு வாசிக்கச் சொல்லுங்கோ."

பகலில் தூங்குகிறவர்

வீடுகளுக்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் நாங்கள் விற்கிறோம். உள்ளே ஆல்பங்கள் ஏற்றியிருக்கும். பிடிக்கவில்லையென்றால் ஆபீஸுக்குப் போன் செய்தால் போதும், நான் வேறு சொல்லுவேன். அப்படித்தான் முருகேசன் பழக்கமானார். கார் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். பகலில் தூங்கியாக வேண்டும், தூக்கம் வராது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார்.

வயலினில் தாலாட்டு ராகமான நீலாம்பரி கொடுத்தேன். அம்மா ஞாபகம் வந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். பியானோ கொடுத்தேன். யாரோ மாடிப்படி இறங்கி வருகிற மாதிரியே இருக்கிறது என்றார். மழைச் சத்தம் கொடுத்தேன். "மழை பெஞ்சா கொடியில துணி காயுதேன்னு ஓடறேன் சார்" என்றார். கடைசியில் நான் கேட்டேன்: "நீங்க நல்லா தூங்கினது கடைசியா எங்க?" யோசிக்காமல் பதில் வந்தது: "கம்பெனி பஸ்ல சார்."

அந்த பஸ்ஸின் சத்தத்தையே போனில் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். ஹாரனையும் பக்கத்து சீட்டுக்காரரின் இருமலையும் வெட்டி எறிந்துவிட்டு, வெறும் இன்ஜின் முனகலை மட்டும் ஆறு மணிநேரத்துக்கு நீட்டிக் கொடுத்தேன். அதற்கடுத்த திங்கட்கிழமை வந்ததுதான் அவருடைய கடைசி போன். தூங்குகிறவர் எதற்காகக் கூப்பிடப்போகிறார்? எங்கள் தொழிலில் ஜெயித்தால் வாடிக்கையாளர் காணாமல் போய்விடுவார். அதற்குப் பிறகும் சில வாரங்கள் திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அந்தக் கடைசி போனில் அவர் சொன்னது இது: "செம தூக்கம் சார். ஒரே ஒரு கஷ்டம், எழுந்ததும் பையை மாட்டிக்கிட்டு இறங்கறதுக்குக் கதவுகிட்ட போய் நின்னுடறேன்."

கூடுவாஞ்சேரியில் தாத்தா ஆனேன்

கூடுவாஞ்சேரியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பிரசவ அறைக்கு வெளியே சொந்தக்காரர்கள் காத்திருக்கும் கூடத்துக்குப் பாட்டு வேண்டும். அழுகிற மாதிரி ஒரு இழுப்புகூட இருக்கக்கூடாது, கல்யாண வீடு மாதிரியும் இருக்கக்கூடாது. தேடித் தேடி, வார்த்தையில்லாத கிடார் ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூல் மேல் ஏறி ஸ்பீக்கரைத் திருப்பிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மாப்பிள்ளை. பையன், இருவரும் நலம் என்றார். பின்னாலிருந்து மாலதியின் குரல் கேட்டது: "நர்ஸ் வர்றாங்க, அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள்.

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். எதிரே பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள், எல்லோரும் அதே செய்திக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்களிடம் சொன்னால் 'யாருங்க நீங்க' என்று கேட்கமாட்டார்களா? கையில் ஸ்க்ரூடிரைவரோடு சுவர் ஓரமாகப் போய் நின்றேன். கண்ணைத் துடைத்ததை அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். சொன்னேன். மாப்பை வாளியில் சாத்திவிட்டு உள்ளே போனவர், நர்ஸ்கள் டீ போடுகிற இடத்திலிருந்து ஒரு கை சர்க்கரையோடு வந்து என் உள்ளங்கையில் கொட்டினார். "இன்னா சார், பேரன் பொறந்துகிறான், நீ இன்னாமோ கரண்டு பில்லு கட்ட வந்தவன் மாரி நின்னுகினு கீற? வாயில போடு, எனக்கும் கொஞ்சம் குடு."

ஏக்கம் என்று ஒரு கட்டம்

ஒவ்வொரு ஆல்பத்தையும் கேட்டு முடித்ததும் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்பவேண்டும். என்ன வாத்தியம், எவ்வளவு நேரம், எந்த இடத்துக்கு ஆகும். கடைசியில் 'மனநிலை' என்று ஒரு கட்டம்: அமைதி, உற்சாகம், தூக்கம், நம்பிக்கை, ஏக்கம். ஐந்தில் ஒன்றைத் தட்டவேண்டும். நான் தட்டியதை எதிர் மேஜையில் இருக்கிற வனிதா சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றுவாள். சிட்லபாக்கத்துப் பெண், வேலையில் கறார்.

ஆறு மாதம் என்றது எட்டாகி, எட்டு பத்தான சமயம் அது. விசா நீட்டிப்பு, அங்கே குளிர், குழந்தைக்குச் சளி, மகளுக்கு வேலைக்குத் திரும்பவேண்டிய கட்டாயம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் "ஆமாமா, அதுவும் சரிதான்" என்றேன். காலையில் விமானப்படைப் பயிற்சி விமானங்கள் செம்பாக்கத்து மொட்டைமாடிகளுக்கு மேலே ரீங்காரமிட்டுக்கொண்டு போகும். அதைக் கேட்டபடியே தனியாகக் காபி குடித்துவிட்டு ஆபீஸுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

ஒருநாள் வனிதா தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிறுத்தினாள். மூன்று மாதப் பட்டியலைத் திறந்து விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "சார், தவில் தனி ஆவர்த்தனத்துக்குக்கூட 'ஏக்கம்'னு போட்டிருக்கீங்க. வீட்ல எல்லாம் ஓகேதானே?"

நாய்களுக்கு எந்த ராகம்

வேங்கைவாசல் பக்கம் ஒரு நாய் காப்பகம். வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போகிற இடம். இருபது நாய்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று குரைத்துக்கொண்டே இருக்கின்றன, அவற்றை அமைதிப்படுத்த ஆல்பம் வேண்டும் என்றார்கள். சிரிக்காதீர்கள், நானும் சிரிக்காமல்தான் போனேன்.

செல்லோ வாத்தியத்தில் மெதுவான வெளிநாட்டுச் சங்கீதம் வைத்தேன். குரைப்பு நிற்கவில்லை. ஆனந்தபைரவி வைத்தேன். ஒரு பொமரேனியன் கூடவே பாட ஆரம்பித்தது. மூன்றாவதாக மெல்லிய பாப் பாட்டு ஒன்றை வைத்துவிட்டு, எங்கே எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பதற்காக நடுக்கூண்டுக்குள் தரையில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த லாப்ரடார் எழுந்து வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, தன் முழு பாரத்தையும் என் தொடைமேல் போட்டுப் படுத்துக்கொண்டது. பக்கத்துக் கூண்டு அடங்கியது. அதற்கடுத்த கூண்டும். கொஞ்ச நேரத்தில் பாட்டு தெளிவாகக் கேட்டது. ஆல்பம் பலித்துவிட்டது என்று பெருமையோடு எழுந்தேன். இருபதும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. மறுபடியும் உட்கார்ந்தேன், நின்றது. எழுந்தேன், குரைத்தது. நாய்களுக்குச் சோறு வைக்கிற தேவி அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க டெய்லி வந்து இப்டியே குந்திகினா போதும் சார், பாட்டு நாங்களே போட்டுக்கறோம்."

புரியாத பாட்டு

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டயாலிசிஸ் மையம். எட்டுக் கட்டில். ஒவ்வொருவரும் வாரம் மூன்று நாள் வந்து, ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய் இன்னொரு குழாய் வழியே திரும்பி வருவதைப் பார்த்தபடி நான்கு மணிநேரம் படுத்திருக்கவேண்டும். இருக்கிறதிலேயே இதமானதைக் கொடுக்கவேண்டும் என்று நினைத்து, புல்லாங்குழலில் நீண்ட ஆலாபனைகள் உள்ள ஆல்பம் வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனபோது, ஜன்னல் ஓரக் கட்டிலிலிருந்து ஒரு குரல் என்னை நிறுத்தியது: "இத்த வெச்சது நீதானா? ணா, செத்த வூட்ல குந்தினு கீற மாரி கீதுண்ணா."

அவர் சரோஜா. ஐம்பது வயதிருக்கும். அகரம்தென் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன, இரண்டு மகன்களும் ஹார்டுவேர் கடை வைத்து நன்றாக இருக்கிறார்கள், கடையை விட்டு வர நேரமில்லை, ஆட்டோவில் தனியாக வந்து தனியாகப் போவார். அவர் சொன்னது நியாயமாகப்பட்டது. எல்லோருக்கும் ஒரே பாட்டு என்பதை நிறுத்தி, கட்டிலுக்கு ஒரு ஹெட்போன் வாங்கித் தரச்செய்து, அவரவர் விருப்பத்தைக் கேட்டேன். ஒருவர் பக்திப் பாடல் கேட்டார், ஒருவர் சாக்ஸபோன் கேட்டார். சரோஜாவுக்கு நான் போட்டுக் காட்டிய எதுவும் ஆகவில்லை. தமிழ்ப் பாட்டு போட்டால் அது வந்த காலத்தில் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று நினைப்பு ஓடுகிறதாம். கடைசியில் தவறுதலாக ஒரு இங்கிலீஷ் பாப் ஆல்பம் ஓடிவிட்டது. ஒரு பெண் மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி பாடினாள். மாற்றப் போன என் கையை சரோஜா தடுத்தார். "வுடுண்ணா, இதுவே இருக்கட்டும். ஒரு வார்த்த புரியல, அதனால யாரும் ஞாபகத்துக்கு வரல."

பேரனுக்குப் போய்ச் சேர்ந்த ஆல்பம்

பதின்மூன்றாவது மாதத்தில் மாலதிக்காக ஒரு ஆல்பம் தொகுத்தேன். ஊருக்கெல்லாம் பாட்டு எடுக்கிறவன் வீட்டுக்காரிக்கு ஒன்றும் எடுத்ததில்லை என்று ஒருநாள் பஸ்ஸில் வரும்போது உறைத்தது. மூன்று வாரம் ஆயிற்று. அவளுக்கு வயலின் ஆகாது, 'யாரோ மூக்கை உறிஞ்சுகிற மாதிரி' என்பாள். காலையில் குழல் பிடிக்கும். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த வீணைச் சத்தத்துக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள். எல்லாவற்றையும் யோசித்து, குழலில் ஆரம்பித்து, வீணை வழியாக, கடைசியில் ஒரு இளம் பெண் கிடாரோடு பாடுகிற மென்மையான தமிழ்ப் பாட்டில் முடிகிற மாதிரி நாற்பது நிமிஷத்துக்கு அடுக்கினேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதாத கடிதம் அது என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அனுப்பும்போது அப்படியெல்லாம் எழுத வரவில்லை. 'கேட்டுப் பார்' என்று மட்டும் போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் அவள் குரலிலேயே ஒரு செய்தி வந்திருந்தது. பல்லாவரம் ஸ்கேன் சென்டரின் மாடிப்படியில் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டேன்: "அற்புதங்க! பத்தே நிமிஷத்துல உங்க பேரன் தூங்கிட்டான். இதே மாதிரி இன்னும் நாலு அனுப்புங்க."

கையை நீட்டாதவன்

டயாலிசிஸ் மையத்துக்கு மாதம் ஒருமுறை போனால் போதும். ஹெட்போன்களைச் சோதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தேன். நர்ஸ்கள் ஒன்றும் கேட்கவில்லை. சரோஜாவின் கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். அவர் பாதி நேரம் பாட்டுக் கேட்பார், பாதி நேரம் என்னைக் கேள்வி கேட்பார். என்ன சமையல்? தயிர்சாதம். நேத்து? அதே. வூட்ல அம்மா இல்லியா?

சொன்னேன். கனடா, பேரன், பதினாலு மாசம், விசா நீட்டிப்பு. அவளுக்கு அங்கே அத்தனை வேலை, என்னால் எப்படித் தடுக்க முடியும், பிள்ளைகளுக்கு உதவி வேண்டாமா என்று நியாயமெல்லாம் பேசினேன். அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "வான்னு கூப்டியா?" என்றார். அவளுக்கே தெரியாதா என்றேன். "கூப்டியா, இல்லியா?" யோசித்துப் பார்த்தேன். பதினாலு மாதத்தில் சாப்பாடு, மருந்து, கரண்ட் பில், வெயில், மழை எல்லாம் பேசியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. குழாய் மாட்டிய கையை அசைக்காமல், மற்ற கையை என் முன்னால் நீட்டிக் காட்டிச் சொன்னார்: "கோயில்லயே கைய நீட்னாதாண்ணா பிரசாதம். நீ வாயவே தொறக்கல, அவங்க எப்டி வருவாங்க?"

மாலை ஆறரை மணி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறரைக்குக் கூப்பிட்டேன், அங்கே காலை ஒன்பது. வழக்கம்போலப் பேரனைக் காட்டினாள். அவன் ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். தாளம் தப்பாமல் போடுகிறானே என்றேன், சிரித்தாள். பிறகு போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு ஏதோ நறுக்க ஆரம்பித்தாள். எனக்கு அவளுடைய காதும் அதற்குப் பின்னால் ஜன்னலும் மட்டும் தெரிந்தன. அதுவும் நல்லதற்குத்தான், முகம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"மாலு, நீ வந்துடறியா?" என்றேன். "என்னால முடியல. நீ வந்தா நல்லாருக்கும்." நறுக்குகிற சத்தம் நின்றது. ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறேன், அவள் குரல் தழுதழுக்கும், ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். கண்கள் அகன்றிருந்தன: "ஏங்க, உடம்புக்கு என்ன? டாக்டர் என்ன சொன்னார்? மறைக்காம சொல்லுங்க!"

ஆட்டோவில் போன ஹெட்போன்

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நான் சத்தியம் செய்தும் நம்பாமல், மாலதி டிக்கெட் போட்டுவிட்டாள். அந்தச் சனிக்கிழமை மையத்துக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சரோஜாவிடம் சொன்னால் என்ன சொல்லுவார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் வேறு யாரோ ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

அப்படிப்பட்ட இடத்தில் கட்டில் மாறினால் மனசு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்ததும் நர்ஸ் எஸ்தர் ஓடிவந்து, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். சரோஜா வீட்டுப் பக்கத்திலேயே புதிதாக ஒரு மையம் திறந்திருக்கிறார்களாம், மகன்கள் அங்கே மாற்றிவிட்டார்கள், நடந்தே போய்விடலாமாம். நல்ல விஷயம்தான். அங்கே பாட்டு கிடையாது, டிவி மட்டும்தான். அதனால் அங்கே போவதற்கு எனக்கு வேலை எதுவும் இல்லை. அவர் போன் நம்பரை நான் கேட்டதும் இல்லை. ஹெட்போன்களை எண்ணிப் பார்த்தேன், ஏழுதான் இருந்தன. எஸ்தர் சிரித்தாள்: "கடைசி நாள் அக்கா அதைக் கழட்டவே இல்ல சார். ஊசியை எடுத்தோம், பஞ்சு வெச்சோம், அதோடவே நடந்து போய் ஆட்டோல ஏறிட்டாங்க."

ஐந்து வாரம்

மாலதி வந்தாள், திரும்பிப் போகிற டிக்கெட்டோடு. ஐந்து வாரம். மகளுக்கு அதற்குமேல் லீவு இல்லை. வந்த மறுநாளே என்னை முழு உடம்புப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் பாட்டு கொடுத்திருக்கிற இடம்தான், அவளிடம் சொல்லவில்லை. காத்திருக்கும்போது, பயணக் களைப்பும் தூக்கம் மாறியதும் சேர்ந்து, நான் தேர்ந்தெடுத்த பியானோவின் இரண்டாவது பாட்டிலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று பேர் உள்ளே போய்வந்தார்கள். ரிசல்ட் எல்லாம் நார்மல்.

அவள் இருந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அந்த நாற்பது நிமிஷத்தைக் கூடத்தில் ஓடவிட்டேன். என் வீட்டில் நான் பாட்டு போட்டது அதுதான் முதல் தடவை. குழல் முடிந்து வீணை வந்தது, அவள் வாசலில் நின்று கேட்பாளே, அந்த மாதிரி வீணை. சமையலறையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினேன். இது உனக்காக எடுத்தது என்று சொல்வதற்காக எழுந்தும்விட்டேன். அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "ஏங்க, அதைக் கொஞ்சம் குறைங்களேன், குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னே தெரியல!"

அவள் திரும்பிப் போய் இரண்டு மாதம் ஆகிறது. எந்த ஆல்பமானாலும் அதைக் குறைக்கச் சொல்லப் பக்கத்து அறையில் ஒரு ஆள் இருந்தால்தான் அது இதமான பாட்டு என்பதை, எங்கள் ஆபீஸ் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.